ஒரே நேரத்தில் மதுரையிலும் கொச்சியிலும்

எங்கள் பகுதியில் இடி இடித்தால் எல்லோரும் செய்கிற முதல் வேலை, சுவரில் இருக்கும் பிளக்குகளைப் பிடுங்குவது. சித்திரை, வைகாசியில் மத்தியானம் வரை வெயில் இருக்கும். சாப்பாட்டு நேரம் கழிந்ததும் மேகம் கறுத்துக்கொண்டு வரும். முதல் உறுமல் கேட்டவுடன் கொடைக்கானலை ஒட்டிய எங்கள் அட்டுவம்பட்டியில் வீட்டுக்கு வீடு சத்தம் எழும். "டிவியப் புடுங்கு! பிரிட்ஜப் புடுங்கு! மோட்டார ஆஃப் பண்ணு!" மின்னல் கம்பி வழியாக இறங்கி எதையாவது புகைய வைக்காத வீடு எங்கள் தெருவில் இல்லை. அதனால் இடிச்சத்தம் கேட்டு அம்மா எழுந்து போவதை நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. மழை வந்தால் கொடியில் கிடக்கிற துணியை எடுப்பது போல அதுவும் ஒரு காரியம்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்க அக்காவுக்கு இருந்த அனுமதி போனது இந்தப் பழக்கத்திலிருந்துதான் தொடங்கியது. அம்மாவால் போனது என்று எழுதினால் அது பொய். என்னால் போனது என்று எழுதினால் அது பாதி பொய். எது எதற்குப் பிறகு நடந்தது என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

நான் பட்டியல் போடுகிறவள். படித்தது கம்ப்யூட்டர் நெட்வொர்க். டவுனில் ஒரு சிறிய நிறுவனத்துக்காக ரிசார்ட்டுகளுக்கும் பள்ளிகளுக்கும் வைஃபையும் கேமராவும் போட்டுக் கொடுக்கிறேன். ஒரு இடத்துக்குப் போனால், அங்கே எதெல்லாம் கெட்டுப்போகக்கூடும் என்று முதலில் எழுதிவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பேன். எங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்காகவும் எழுதினேன். கரண்ட். காற்றில் சாயும் தைல மரம். கேபிளில் தொங்கி ஆடும் குரங்கு. கம்பத்தில் முதுகு தேய்க்கிற காட்டுமாடு. வத்தலக்குண்டு ரோட்டில் மண்சரிவு. ரோடு தோண்டுகிற ஜேசிபி. மூடுபனி என்று எழுதி அடித்துவிட்டேன். பனியால் இணைப்பு போகாது, ஜனங்கள்தான் அப்படி நம்புகிறார்கள்.

அந்தப் பட்டியலில் அம்மா இல்லை.

பட்டியலுக்குக் காரணம் அப்பா. சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டியவர். ஒரு நாள் ஏரிக்கரை ஸ்டாண்டில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே, அவருடைய வலது பக்கம் செயலற்றுப் போனது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "போலாம்." வண்டியில் எல்லோரும் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்து அவர் கேட்கிற சொல் அது. தண்ணீர் வேண்டுமென்றாலும் போலாம். வலித்தாலும் போலாம். அடுப்படியில் பாத்திரம் விழுந்தால் அதட்டலாக ஒரு போலாம். எந்தப் போலாமுக்கு என்ன பொருள் என்று அம்மா பிரித்துக்கொள்வாள். எனக்குப் பாதிதான் பிடிபடும்.

படுத்தே கிடக்கிறவரைப் பக்கம் மாற்றி மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா கனத்த உடம்புக்காரர். கீழே விரித்திருக்கும் துணியின் இரண்டு ஓரங்களையும் இரண்டு பேர் பிடித்து, ஒரே மூச்சில் தூக்கித் திருப்ப வேண்டும். ஒருவர் மட்டும் இழுத்தால் தோல் துணியில் உரசும். உரசினால் புண் வரும். "படுக்கப் புண்ணு வந்துச்சுன்னா ஆத்துறது ரொம்பக் கஷ்டம்மா, வராமப் பாத்துக்கறதுதான் வைத்தியம்" என்றார் டாக்டர். எங்கள் வீட்டின் ஒரு நாள் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் ஓடியது.

நான் பகலெல்லாம் வெளியே. ஒரு நாள் வடகவுஞ்சி, ஒரு நாள் அடுக்கம் பக்கம் என்று பைக்கில் அலைகிற வேலை. ஆக, துணியின் ஒரு ஓரம் அம்மாவுக்கு, மறு ஓரம் அக்காவுக்கு.

அக்கா சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசிச் சேவையில் வேலை பார்த்தவள். அப்பா விழுந்ததும், வீட்டிலிருந்தே வேலை செய்ய அவளுக்குத் தனியாக அனுமதி கொடுத்தார்கள். அவள் சம்பளத்தில்தான் வீடு நடந்தது, அதனால் வேலையை விடுவது என்ற பேச்சே இல்லை. நிபந்தனைகள் இரண்டு. ஷிப்டு நேரத்தில் இணைப்பு அறுந்துகொண்டே இருக்கக் கூடாது. அவள் இடத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது. இதில் ஏதாவது ஒன்று தவறினாலும் அனுமதி போகும். அனுமதி போனால் அக்கா சென்னைக்குப் போக வேண்டும். அக்கா போனால் அப்பாவைத் திருப்ப இரண்டாவது ஆள் கிடையாது.

அம்மாவுக்கு இந்த வேலையின் ஒழுங்கு சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. அம்மாவின் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தவர்கள். அம்மா அப்போது கைக்குழந்தை. தோட்டம் அவளுக்கு நினைவில்லை என்றாலும் சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் வரிசையில் நிற்பதற்கு அங்கே பெரட்டு என்று பெயர். அக்கா கம்ப்யூட்டரில் லாகின் செய்வதும் அம்மாவுக்குப் பெரட்டுதான்.

"ஏய், பெரட்டுக்கு நேரமாச்சு, வெரசா எந்திரி. ஒங்க கங்காணி வந்து நிப்பான்" என்று எழுப்புவாள்.

"அவர் டீம் லீடும்மா. என்னைவிடச் சின்னப் பையன்."

"கங்காணிக்கு வயசு என்னடி வயசு? பேர வெட்டுற கை அவன் கைதான?"

முதலில் இருந்தது ஒரே ஒரு ஃபைபர் இணைப்பு, உள்ளூர் கேபிள்காரரிடம் வாங்கியது. மழைக்காலத்தில் அடிக்கடி போனது. இரண்டாவதாக இன்னொரு நிறுவனத்தின் ஃபைபர் வாங்கலாமா என்று அவரிடமே கேட்டேன்.

"அண்ணே, உங்க ஃபைபர் எந்த வழியா கீழ எறங்குது?"

"வத்தலக்குண்டு ரோடுதான் பாப்பா, வேற எங்க?"

"அந்த இன்னொரு கம்பெனிக்காரங்களோடது?"

கேபிள்காரர் சிரித்தார். "அவனும் அதே கம்பத்துலதான் கட்டியிருக்கான். என் வயரு மேல, அவன் வயரு கீழ. புருசன் பொண்டாட்டி மாதிரி. சாஞ்சா சேந்தேதான் சாயும். நீ எதுக்கு அவனுக்கும் தெண்டம் கட்டுற?"

அது உண்மை. ஒரே கம்பத்தில் போகிற இரண்டு இணைப்புகளை நான் இரண்டு என்று கணக்கில் எடுப்பதில்லை. மொட்டை மாடியில் நின்று பார்த்தால் தெரிகிற ஒரு செல்போன் டவரில், பழனிப் பக்கம் பார்த்து ஒரு பெரிய தட்டு இருக்கும். அந்த டவர் ரோட்டை நம்பாமல் காற்றின் வழியாகவே கீழே பேசிக்கொள்கிறது என்று அர்த்தம். அந்த நிறுவனத்தின் சிம் ஒன்றை வாங்கி, ஜன்னலோரம் வைத்த பெட்டியில் போட்டேன். ஃபைபர் ஒரு வழி, சிம் ஒரு வழி. இரண்டையும் ஒரு ரௌட்டரில் சேர்த்தேன். கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி.

இந்த மாதிரி ரௌட்டர் செய்கிற காரியம் எளிமையானது. தூரத்திலிருக்கும் ஒரு கம்ப்யூட்டரை, இருக்கிறாயா, இருக்கிறாயா என்று ஃபைபர் வழியாக ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். தொடர்ந்து சில முறை பதில் வராவிட்டால், யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் சிம் பக்கம் திருப்பிவிடும். ஃபைபருக்கு உயிர் வந்துவிட்டது என்று நிச்சயமானதும் பழைய வழிக்கே கொண்டுவந்துவிடும். இடையில் ஒரு சின்னத் தடுமாற்றம் இருக்கும். அக்காவின் அலுவலக மென்பொருள் தானாகவே மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் அக்காவை உட்கார வைத்து, ஃபைபர் பெட்டியின் பிளக்கை அவள் கண் முன்னால் உருவினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப மாறும்?"

"மாறிருச்சு."

"ஒண்ணுமே தெரியலயேடி!"

"தெரியக் கூடாதுக்கா. அதுக்குத்தான இவ்வளவும்."

அக்கா அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

அம்மா இடிக்குப் பிடுங்குகிற பிளக்குகளில் ஃபைபர் பெட்டியுடையதும் ஒன்று என்பது எனக்குத் தெரியும். "அது கண்ணாடி இழைம்மா, அதுக்குள்ள கரண்ட் வராது" என்று ஒருமுறை சொன்னேன். "கண்ணாடியோ கம்பியோ, வெளியேருந்துதான வருது?" என்றாள். அதிலும் உண்மை இருந்தது. கேபிள்காரர்கள் இழையைத் தாங்குவதற்காக இரும்புக் கம்பியோடு சேர்த்துத்தான் இழுக்கிறார்கள். மேற்கொண்டு நான் பேசவில்லை. அம்மா பிடுங்கினால் சிம்முக்கு மாறிவிடும், சொருகினால் திரும்பிவிடும், அதற்குத்தானே வைத்திருக்கிறேன் என்று விட்டுவிட்டேன். வெயில் காலத்து இடி ஒரே மூச்சாக இடித்து ஓய்வதில்லை. விட்டு விட்டு இடிக்கும். அம்மா பிடுங்குவாள், வெளுத்தால் சொருகுவாள், அடுத்த உறுமலுக்கு மறுபடி பிடுங்குவாள். அக்கா ஒன்றுமே அறியாமல் யாரோ ஒரு வாடிக்கையாளரின் மருத்துவமனை பில்லைப் பற்றிப் பொறுமையாகப் பேசிக்கொண்டிருப்பாள்.

அவளுடைய டீம் லீட் அழைத்த அன்று, வடகவுஞ்சிப் பயணம் மழையால் தள்ளிப்போய் நானும் வீட்டில்தான் இருந்தேன். அக்கா கண்ணைக் காட்டி என்னைக் கூப்பிட்டு, ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்லதான் சார். கொடைக்கானல்."

"சிஸ்டம் கொச்சின்னு காட்டுது."

"கொச்சியா?"

"காலைல மதுரை. மத்தியானம் கொச்சி. கொஞ்ச நேரத்துல மறுபடி மதுரை. மறுபடி கொச்சி. இந்த மாசம் பூரா இப்படித்தான் இருக்கு. செக்யூரிட்டி டீம்ல இதுக்கு இம்பாசிபிள் டிராவல்னு பேரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், உங்க லாகின வேற யாருக்காச்சும் குடுத்திருக்கீங்களா?"

எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. ஃபைபரின் இணைய முகவரி மதுரையில் பதிவானது. சிம் நிறுவனம் எங்கள் மலையின் போக்குவரத்தையெல்லாம் கொச்சியில் இருக்கிற தன் வாசல் வழியாக வெளியே விடுகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அக்கா மதுரையில் உட்கார்ந்திருந்தவள், கண் இமைக்கும் நேரத்தில் கொச்சிக்குப் போய், அங்கிருந்தும் வேலை செய்திருக்கிறாள். வேன் ஓட்டிய காலத்தில் கொச்சிக்கு வாடகைச் சவாரி போய் வந்தால் ஒரு நாள் முழுக்கக் காலை நீட்டிப் படுத்துக் கிடந்த அப்பா, பேச முடிந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பார். தன் வேலையை வேறொருவரிடம் கொடுத்துச் சம்பளத்தைப் பங்கு போட்டுக்கொண்ட ஆட்கள் அந்த நிறுவனத்தில் முன்பு பிடிபட்டிருந்தார்களாம். அவர்களும் இப்படித்தான் இரண்டு ஊர்களில் தெரிந்தார்களாம்.

நான் போனை வாங்கி விளக்கினேன். இரண்டு இணைப்புகள், ஒன்று போனால் மற்றது, முகவரி மாறும், ஆள் மாறவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க யாரு மேடம்?"

"தங்கச்சி. நெட்வொர்க் இன்ஜினியர்."

"இத நீங்க என்கிட்ட சொன்னதோட இருக்கட்டும். வீட்ல நெட்வொர்க் தெரிஞ்ச ஆள் இருக்காங்கன்னு எழுதினா, அவங்க சந்தேகம் இன்னும் ஜாஸ்தியாகும்."

போனை வைத்ததும் அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். "என்னடி சொல்றான் கங்காணி?"

நான் சொன்னேன். அம்மா யோசித்துவிட்டு, "ஒருத்தி பேருக்கு இன்னொருத்தி கொழுந்து எடுத்தாங்கிறானா?" என்று கேட்டாள்.

"அதேதாம்மா."

"அப்படின்னா பேர வெட்டிருவாங்க." பிறகு அடுப்படிக்குப் போனவள் அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள். "எங்க சின்னம்மா பிள்ள பெத்துக் கெடந்தப்ப எங்காத்தா அவ பேருக்குப் பெரட்டுல நின்னாளாம். ரெண்டு பேரையும் சேத்துல்ல வெட்டுனான்."

"இப்ப அந்தக் கதை ரொம்ப முக்கியம்" என்றாள் அக்கா.

அந்த வாரம் நான் முயன்றவை இவை. எந்த வழியில் போனாலும் ஒரே முகவரி தெரியும்படி நடுவில் விபிஎன் என்கிற ஒரு சுரங்கப்பாதை அமைக்கலாம். அக்காவின் அலுவலகம் அனுமதிக்காத எந்தச் சுரங்கமும் கூடாது என்று பதில் வந்தது. சிம்முக்கு மாறாத முகவரி கேட்டேன். தனி வீடுகளுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். இரண்டு முகவரிகளையும் அலுவலகத்தில் பதிவு செய்யச் சொல்லி அக்கா கேட்டாள். சிம்மின் முகவரி இன்று கொச்சி, நாளை பெங்களூராகவும் இருக்கலாம் என்பதால் அதுவும் நடக்கவில்லை. சிம்மை எடுத்துவிடலாம், எடுத்தால் இணைப்பு அறும், அது முதல் நிபந்தனை. கடைசியாக மிஞ்சியது அம்மாவிடம் பேசுவது.

"இடி இடிச்சாலும் அந்த ஒரு பிளக்க மட்டும் தொடாதம்மா. மத்ததெல்லாம் புடுங்கிக்க."

"அது வழியா எறங்குனா?"

"எறங்குனா பெட்டி போகும். வேற வாங்கிக்கலாம்."

"பெட்டி போனாப் போயிட்டுப் போகுது. வீடு பத்திக்கிட்டா?" அம்மா கட்டிலைக் காட்டினாள். "நீயும் நானும் ஓடிருவோம். இவரத் தூக்கிட்டு ஓடுவியா? சொல்லு. திருப்பிப் போடவே ரெண்டு ஆளு வேணும்."

அவ்வளவு வருடங்களாக அம்மா பிடுங்கியது டிவிக்காகத்தான். அப்பா விழுந்த பிறகு அவள் எதற்காகப் பிடுங்குகிறாள் என்பதை நான் அன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அக்காவுக்கு இணைப்பு எதற்கு வேண்டுமோ, அம்மாவுக்கு அந்தப் பிளக்கைப் பிடுங்குவதும் அதற்கேதான் வேண்டியிருந்தது. இருவருக்கும் நடுவில் அப்பா, "போலாம்" என்றார். அது தண்ணீருக்கான போலாம். அம்மா எழுந்து போய் டம்ளரை எடுத்தாள்.

பிறகு நேரில் பார்த்து உறுதி செய்கிறோம் என்று வீடியோ அழைப்புக்கு நாள் குறித்தார்கள். டீம் லீடும், செக்யூரிட்டி பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரியும். அக்கா காலையிலேயே தலைக்குக் குளித்து, அலுவலகத்துக்குப் போவது போலப் புடவை கட்டிக்கொண்டாள். என்னைக் கேமராவில் படாத இடத்தில் நிற்கச் சொன்னாள். என் மடிக்கணினியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அடையாள அட்டை காட்டியாயிற்று. அலுவலகம் தொடர்பான கேள்விகளுக்குப் பதில் சொல்லியாயிற்று. "ரூம முழுசா ஒரு சுத்து காட்டுங்க" என்றார் அந்த அதிகாரி. அக்கா கம்ப்யூட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றினாள். காலண்டர், ஜன்னல், மருந்து மேசை, பீரோ. கட்டில் வந்ததும் நின்றது.

"அது யாரு?"

"அப்பா மேடம்."

"அவர் சிஸ்டம் யூஸ் பண்ணுவாரா?"

டீம் லீட் சங்கடத்தோடு இருமியது கேட்டது. அக்கா, "அவருக்குக் கை வராது மேடம்" என்றாள்.

அப்பா திரையில் தெரிந்த புது முகத்தை உற்றுப் பார்த்து, "போலாம்?" என்றார்.

"என்ன சொல்றார்?"

"போலாமான்னு கேக்குறார்."

"எங்க?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். அந்த அதிகாரிகூட லேசாகச் சிரித்தது போல இருந்தது. அந்த நேரத்தில்தான் ஏரிப் பக்கம் முதல் உறுமல் கேட்டது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். டிவி பிளக்கைப் பிடுங்கினாள். பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாள். ஃபைபர் பெட்டியின் பிளக்கில் கையை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். இரண்டாவது இடி பக்கத்திலேயே விழுந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அம்மா கையை எடுக்கவுமில்லை, பிடுங்கவுமில்லை. அக்கா ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள். பிறகு, கேமரா முன்னாலேயே, சாதாரணக் குரலில் சொன்னாள்.

"புடுங்கும்மா."

திரையில் இரண்டு முகங்களும் வாய் திறந்தபடி உறைந்தன. ஒலி நின்றது. பிறகு முகங்கள் அசைந்தன.

"மேடம், இப்ப கொச்சி காட்டுது" என்றார் டீம் லீட். அவர் குரலில் ஒரு உற்சாகம் இருந்தது.

அதிகாரி தன் இன்னொரு திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "ஆமா. அதே ஆள்தான்" என்றார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கையை மூடித் திறந்தேன். நான் அமைத்த ஒன்று, அமைத்தபடியே, பார்க்க வேண்டியவர் கண் முன்னால் நடந்துவிட்டது. இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்று நினைத்தேன். அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். "பேர் போட்டுருவாங்களா?" என்றாள். "போட்ருவாங்கம்மா" என்றேன்.

பதில் சில நாள் கழித்து வந்தது. மரியாதையாக எழுதியிருந்தார்கள். ஆள்மாறாட்டம் எதுவும் நடக்கவில்லை என்று உறுதி செய்யப்பட்டது. அதே சமயம், பதிவு செய்த ஒரே இடத்திலிருந்து நிலையான இணைப்பு இந்த வீட்டில் சாத்தியமில்லை என்பதும் உறுதி செய்யப்பட்டது. ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதி முடிகிறது, சென்னை அலுவலகத்தில் வந்து சேரவும். அப்பா சீக்கிரம் குணமடைய வாழ்த்தும் கடைசி வரியில் இருந்தது.

அக்கா அதைச் சத்தமாகப் படித்தாள். "கள்ளப் பேரு இல்லன்னு சொல்லிட்டானுகல்ல?" என்றாள் அம்மா.

"சொல்லிட்டாங்க."

"பெறகு எதுக்கு வெட்டுறானாம்?"

டீம் லீட் தனியாக அழைத்து, தன்னால் முடிந்தவரை பேசிப் பார்த்ததாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

அக்கா போவதற்குள் ஒரு ஆளைத் தேடினோம். தோட்ட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் போகிற பெண்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். ஒரு ஆம்பளையைத் தூக்கித் திருப்புகிற சோலிக்கு வர யாரும் தயாரில்லை. ஒரு அம்மாள் வந்தார், கொஞ்ச நாள் இருந்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று நின்றுவிட்டார். அக்கா பஸ் ஏறிய அன்று பனி தரையோடு கிடந்தது. கண்டக்டர் அவசரப்படுத்தினார். "நீ ஓரத்தச் சுருட்டிப் பிடிக்கணும், வெறும் துணியப் பிடிச்சா வழுக்கும்" என்று படியில் நின்றுகொண்டு எனக்குச் சொன்னாள். அழுவாள் என்று நினைத்திருந்தேன். அழவில்லை.

என் நிறுவனத்தில் பேசி, மத்தியானம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போக ஏற்பாடு செய்துகொண்டேன். டவுனுக்குள் வேலை இருக்கும் நாட்களில் அது நடக்கும். அடுக்கம், வடகவுஞ்சி என்றால் நடக்காது. கீழ்மலையில் ஏதோ ஒரு பள்ளியின் மாடியில் வயர் இழுத்துக்கொண்டிருக்கும்போது மணியைப் பார்ப்பேன். இந்நேரம் அம்மா தனியாக ஒரு ஓரத்தை இழுத்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும். போன் செய்தால், "நான் பாத்துக்கிட்டேன், நீ ஒஞ் சோலியப் பாரு" என்பாள். மூச்சு வாங்குவது கேட்கும்.

இரண்டு இணைப்புகளும் வீட்டில் அப்படியே இருந்தன. ஒன்றையாவது நிறுத்தலாம் என்று சொன்னேன். அக்கா வீடியோவில் பேசுவாளே என்று அம்மா மறுத்துவிட்டாள்.

ஆடி மாதம் முடிவதற்குள் அப்பாவின் இடது இடுப்பில் ஒரு சிவப்பு தெரிந்தது. விரலால் அமுக்கினால் சாதாரணச் சிவப்பு வெளுத்துத் திரும்பும். இது வெளுக்கவில்லை. பிறகு தோல் உரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு யாரையும் திட்டவில்லை. மருந்தும் கட்டும் எழுதிக் கொடுத்து, "பக்கம் மாத்துறது மட்டும் விட்றாதீங்க" என்றார். கட்டை மாற்றும்போது அப்பா சொல்கிற போலாம் எந்தப் போலாம் என்று என்னிடம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா தினமும் அவளுடைய சாப்பாட்டு இடைவேளையில் வீடியோவில் வருவாள். புண்ணைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டாம் என்பது அம்மாவின் முடிவு. சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள், வந்தால் மருந்துக்கு என்ன செய்வது. நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. போனைப் பிடித்துக்கொள்வது மட்டும் என் வேலை. அப்பாவின் முகம் தெரியும்படி பிடிப்பேன். தோளுக்குக் கீழே இறங்காது.

"அப்பா, சாப்ட்டீங்களா?" என்றாள் அக்கா அன்றைக்கு.

"போலாம்" என்றார் அப்பா.

அக்கா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். "அம்மா, அவருக்கு எங்கயோ வலிக்குது."

"வலியெல்லாம் ஒண்ணும் இல்லடி. தூக்கக் கலக்கம்."

"புண்ணு கிண்ணு ஏதும் வந்திருக்கா?"

"இல்லம்மா. நீ சாப்ட்டியா? என்ன கொழம்பு?"

அக்கா என்னிடம் சொன்னாள். "ஏய், போனக் கொஞ்சம் கீழ எறக்கு."

"கை வலிக்குதுக்கா. அப்பறம் காட்றேன்."

வெளியே நல்ல வெயில். மேகம் இல்லை, இடி இல்லை, சிக்னல் முழுதாக இருந்தது. அக்காவின் படம் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அவள் என் கை அசைவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.